கைமாறிய கிண்ணத் தட்டு

கிண்ணத் தட்டு மூத்தவள் கையை விட்டுப் போய் ஒரு மாதம் ஆகிறது. வாராவாரம் இந்தக் குடும்பத்தின் கதையைப் படித்து வருகிறவர்கள், பாவம், அவள் சாப்பிடாமல் கொள்ளாமல் இளைத்திருப்பாள் என்று நினைக்கலாம். அதெல்லாம் இல்லை. சாப்பாடு இறங்கியது. விஷயம்தான் இறங்கவில்லை.

தட்டு வேறு எங்காவது போயிருந்தாலும் மனசு ஆறியிருக்கும். அது அவள் வீட்டுக்குள்ளேயே போயிற்று. கொழுந்தன் கட்டிக்கொண்டு வந்த சின்னவளிடம். கல்யாணமான கையோடு புருஷன் கப்பல் வேலைக்குப் போய்விட, நடு அறையில் பெட்டி படுக்கையோடு தங்கியிருப்பவள். பல் மருத்துவர் கிளினிக்கில் வரவேற்பு மேஜையில் வேலை. "சிரிக்கிறதுக்குச் சம்பளம் வாங்குறவ" என்று மூத்தவள் தன் கணவனிடம் சொல்வாள். பஸ் ஓட்டுகிற மனிதர் அவர். சாலையைப் பார்ப்பது போலவே நேராகப் பார்த்துக்கொண்டு, "அவ சிரிச்சா உனக்கென்ன" என்பார். பேச்சு அதோடு முடியும்.

தட்டு ஒன்றும் தங்கமில்லை. வட்டமான அலுமினியத் தட்டு, வரிசையாகத் துளைகள், துளைக்கு ஒன்றாகக் கட்டைவிரல் உயரத்தில் கண்ணாடிக் கிண்ணம். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து, இயேசுவின் கடைசி விருந்தை நினைத்து எல்லாரும் அப்பமும் சாறும் எடுத்துக்கொள்கிற நாள். அன்று காலையில் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் போய், ஆலயத்தின் பக்கத்து அறையில் நின்று, அத்தனை கிண்ணத்திலும் திராட்சைச் சாறு ஊற்றி மூடி, மேஜைக்குக் கொண்டுபோய் வெள்ளைத் துணி போர்த்த வேண்டும். அந்த ஒருவர் பல வருடமாக மூத்தவள்தான்.

அவள் இங்கே வந்த புதிதில் ஒரு முகம் தெரியாது. மெதடிஸ்ட் ஆலயத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்து, ஆசீர்வாதம் சொல்லி முடிப்பதற்குள் எழுந்து ஓடிவிடுவாள். ஒரு ஞாயிறு, அப்போது தட்டுக்குப் பொறுப்பாக இருந்த அம்மாள் வாசலில் மறித்து, "கொஞ்சம் கிண்ணம் கழுவித் தந்துட்டுப் போம்மா, எனக்குக் கை வலிக்குது" என்றாள். கை வலி சுத்தப் பொய். ஆள் பிடிக்கிற வழி அது. ஈரக் கையோடு நின்றவளிடம் நாலு பேர் வந்து பேர் கேட்டார்கள், ஒருத்தி துண்டு நீட்டினாள். அன்று அவள் ஓடவில்லை. பிறகு எந்த ஞாயிறும் ஓடவில்லை. அந்த அம்மாள் காலமானதும் தட்டு தானாக அவளிடம் வந்தது.

ஆனால் மெதடிஸ்ட் சபையில் போதகர் யாரும் ஒரே இடத்தில் வேர் விடுவதில்லை. சில வருடம், பிறகு மாற்றல். பழையவர் வைத்த இடத்திலிருந்து ஆட்களைப் புதியவர் மாற்றி வைப்பார். இப்போது வந்திருக்கும் போதகர் சின்ன வயசுக்காரர், நல்ல மனுஷன். "புதுசா வர்றவங்க கையில ஒரு வேலையைக் கொடுத்தாத்தான் இது நம்ம இடம்னு அவங்களுக்குத் தோணும்" என்றார். அதை மூத்தவளுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியதில்லை என்பதால்தான் அவ்வளவு எரிந்தது. சின்னவளுக்குத் தட்டு. மூத்தவளுக்கு மேஜைத் துணி துவைக்கிற பொறுப்பு. "நீங்க சலவைக்கடையில வேலை பார்க்கறவங்க, உங்களை விட்டா யாரும்மா" என்று வேறு சொன்னார்.

"சின்னவங்களுக்கு எல்லாத்தையும் ஒரு தடவை சொல்லிக் கொடுத்துடுங்க."

"அதுல என்ன இருக்கு பாஸ்டர், ஊத்த வேண்டியதுதானே."

சொல்லிக் கொடுத்தாள். துளை, கிண்ணம், மூடி, ரப்பர் குமிழ் வைத்த ஊற்றி எல்லாவற்றையும் காட்டினாள். எந்தப் புட்டி வாங்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. மறந்தாளா, விட்டாளா என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது.

*

சனிக்கிழமை மத்தியானம். சலவைக்கடையின் பின்பக்கம் நீராவி மூட்டம். மூத்தவளுக்கு அங்கே கறை எடுக்கிற மேஜை. ஒரு பக்கம் சின்னச் சின்ன மருந்துப் புட்டிகள், ஒரு பக்கம் பிரஷ், நடுவில் ஊரார் சிந்தியதெல்லாம்.

சின்னவள் பையை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். "அக்கா, ஒரு கொலை பண்ணிட்டேன்."

"யாரை?"

"உங்க துணியை."

பிரித்துக் காட்டினாள். திருவிருந்து மேஜைத் துணி. நடுவில் கைக்குட்டை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு.

"நேத்து சாயங்காலம் ஊத்திப் பழகிப் பார்த்தேன்க்கா. எல்லார் முன்னாடியும் கை நடுங்கிடக் கூடாதில்ல. குமிழைக் கொஞ்சம் அதிகமா அமுக்கிட்டேன். போகுமா?"

மூத்தவள் தொழில் பழக்கத்தில் துணியை மூக்கருகே கொண்டுபோனாள். எந்தக் கறையையும் அவள் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்ப்பாள். திராட்சைச் சாறு என்றால் இனிப்பாக இருக்கும், விரலில் ஒட்டும். இது ஒட்டவில்லை. புளிப்பாக மூக்கைத் திறந்துகொண்டு போயிற்று.

அந்த வாசனை அவளுக்கு நன்றாகப் பழக்கம். தம்பி குடித்துக்கொண்டிருந்த காலத்தில் அவன் சட்டைகளிலிருந்து அதை வருடக் கணக்கில் துவைத்து எடுத்திருக்கிறாள்.

"சாறு தீர்ந்துபோச்சா?" என்று மட்டும் கேட்டாள்.

"ஃப்ரிட்ஜ்ல அடியில கொஞ்சம்தான் இருந்துச்சு. நானே நல்லதா பார்த்து வாங்கிட்டேன்க்கா. நான் வளர்ந்த சபையில எப்பவும் இதுதான் வைப்பாங்க. ஆண்டவர் மேஜைக்கு மட்டமா வாங்கக் கூடாதில்ல."

மூத்தவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சின்னவள் வளர்ந்தது வேறு சபை. ஒரே வெள்ளிக் கிண்ணம், அதில் அசல் ஒயின். இங்கே அப்படி இல்லை. இந்தச் சபையில் போதை தருகிற எதுவும் மேஜைக்கு வராது. குடியை விட்டவன் ஒருவன் வந்து மண்டியிடலாம், அவன் உதட்டில் அது படக் கூடாது என்று என்றோ வைத்த வழக்கம். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு அது மூச்சு விடுகிற மாதிரி. அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

சொல்ல ஒரே ஒரு வரிதான். 'இது ஒயின், நம்ம சபையில சாறுதான்.' சொன்னால் சின்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டு கடைக்கு ஓடுவாள். விஷயம் முடிந்துபோகும்.

மூத்தவள் நாளைய காலையை நினைத்துப் பார்த்தாள். முன் வரிசையில் ரிட்டையரான தபால்காரர் கிண்ணத்தைக் கவிழ்த்துவிட்டுக் கண்ணை விரிப்பார். டீச்சரம்மா இருமுவார். போதகரின் காது சிவக்கும். எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பும். அந்தச் சிரிப்பு அப்போது எங்கே போகும் என்று பார்க்க வேண்டும்.

"போகும்" என்றாள். "காலையில சுத்தமா கொண்டுவந்து தர்றேன்."

"நீங்க இல்லைன்னா என் கதி என்னக்கா" என்று சின்னவள் அவள் ஈரக் கையைப் பிடித்துவிட்டு கிளினிக்குக்கு ஓடினாள். மூத்தவள் பிரஷை எடுத்தாள். அன்றைக்கு அவள் எடுத்த கறைகளிலேயே சுத்தமாகப் போனது அதுதான்.

*

ஞாயிறு காலை வாசலில் தம்பி நின்றான்.

அவன் பைக் மெக்கானிக். குடும்பத்தில் எல்லாருக்கும் அவன் ஸ்பேனர். நகக் கண்ணில் கிரீஸ் எந்தச் சோப்புக்கும் அசையாது. ஆனால் இன்று சட்டை மடிப்புக் கலையாமல் இருந்தது, தலையில் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான்.

"என்னடா, யார் வீட்டுல கல்யாணம்?"

"சர்ச்சுக்குத்தான். உன்கூட வரலாம்னு வந்தேன்."

மூத்தவளுக்கு நம்ப முடியவில்லை. அவன் குடியை விட்ட நாளிலிருந்து வாராவாரம் கூப்பிடுகிறாள். 'நான் வந்து உட்கார்ந்தா கூரை இறங்கிடும்' என்பான்.

"இத்தனை நாள் நான் கூப்பிட்டேனே."

"தங்கச்சி கூப்பிட்டுச்சு" என்றான். சின்னவளைத்தான் அவன் தங்கச்சி என்பது. "நீ கூப்பிட்டா ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கும்க்கா. கோவிச்சுக்காதே. அது என்ன சொல்லுச்சு தெரியுமா? 'அண்ணா, நாளைக்கு எனக்கு முதல் தடவை, பயமா இருக்கு, நீங்க வந்தா தைரியமா இருக்கும்.' என்னால ஒரு ஆளுக்குத் தைரியம்னா வராம இருப்பேனா?"

வாசலில் மறித்த அந்த அம்மாளின் கை வலி மாதிரியேதான் இது. சின்னவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை, தானாகவே வந்திருக்கிறது. மூத்தவளுக்கு வயிறு எரிந்தது.

"திருவிருந்து மேஜைக்கும் போறேன்க்கா" என்றான் ஸ்பேனர். "மனசுல முடிவு பண்ணிட்டேன்."



ஒரு சொட்டு பட்டால் போதும், பழைய ஆள் எழுந்து உட்கார்ந்துகொள்வான் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்து நாற்காலியில் இருந்தது அவள்தான். பழைய ஆளை அவளுக்குத் தெரியும். காவல் நிலையத்தில் போய் அழைத்து வந்திருக்கிறாள்.

"இன்னிக்கு வேண்டாம்டா. முதல்ல சும்மா வந்து உட்காரு. மேஜைக்கு அடுத்த மாசம் போகலாம்."

"ஏன்?"

"சும்மாதான்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "நான் இன்னும் தேறலைன்னு நினைக்கறே."

"அப்படி இல்லடா."

"அப்ப எப்படி?"

எப்படி என்று சொல்ல வேண்டுமானால் நேற்றிலிருந்து சொல்ல வேண்டும். அவள் துவைத்த துணியை எடுத்துப் பைக்குள் வைத்தாள். இருவரும் ஆலயத்துக்கு நடந்தார்கள்.

*

ஆலய வாசலில் தபால்காரர் இரண்டு கையையும் நீட்டி ஸ்பேனரைப் பிடித்துக்கொண்டார். "வாங்க தம்பி. உங்களைத்தான் தேடினேன். அந்த மூணாவது ஜன்னல் ஒரு மாசமா திறக்க மாட்டேங்குது. நான் ஜெபம் பண்ணிப் பார்த்துட்டேன். நீங்க ஒரு தட்டு தட்டிப் பாருங்க." ஸ்பேனர் சிரித்துக்கொண்டே சட்டைக் கையை மடித்தான். உள்ளே வந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, அவன் சபைக்காரன் ஆகிவிட்டான்.

மூத்தவள் பக்கத்து அறைக்கு விரைந்தாள். சொல்லிவிட வேண்டும். இன்னும் நேரம் இருக்கிறது.

தட்டுகள் தயாராக இருந்தன. சின்னவள் துணியை வாங்கி விரித்துப் பார்த்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டாள். "கறை இருந்த இடமே தெரியலைக்கா. உங்க கையில என்ன மருந்து வச்சிருக்கீங்க?"

"அது இருக்கட்டும். அந்தப் புட்டி இருக்கில்ல..."

கதவைத் திறந்துகொண்டு போதகர் வந்தார். தட்டுகளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பார்த்தீங்களாம்மா? எல்லாக் கிண்ணத்துலயும் ஒரே மட்டம். இவ்வளவு நேர்த்தியா நான் வேற எந்தச் சபையிலயும் பார்த்ததில்ல."

பல வருடம் அதே மட்டத்தில் ஊற்றியவள் அங்கே நின்றுகொண்டிருந்தாள். ஒருவரும் ஒரு நாளும் மூடியைத் திறந்து பார்த்து அப்படிச் சொன்னதில்லை.

"சொல்லுங்கக்கா, புட்டிக்கு என்ன?" என்றாள் சின்னவள்.

"கழுவி வச்சிடு" என்றாள் மூத்தவள். "ஈ வரும்."

*

ஆராதனையில் என்ன பாடினார்கள், போதகர் எதைப் பற்றிப் பேசினார் என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது. திருவிருந்துக்கு அழைத்தபோது தம்பியின் பின்னால் ஒட்டிக்கொண்டு எழுந்தாள். மரக் கிராதியின் முன்னால் அவன் மண்டியிட, அவளும் பக்கத்தில் மண்டியிட்டாள். முதல் வரிசை அவர்களுடையது. அப்பம் வந்தது. வாங்கிக்கொண்டார்கள்.

பிறகு தட்டு வந்தது. சின்னவள்தான் ஏந்தி வந்தாள். கை நடுங்கவில்லை. முதலில் தபால்காரர் எடுத்து வாயில் கவிழ்த்தார். அவர் தொண்டை ஒரு கணம் நின்று, பிறகு ஏறி இறங்கியது. நாகரிகம் தெரிந்தவர், ஒன்றும் சொல்லவில்லை. சின்னவள் ஸ்பேனர் முன்னால் வந்து குனிந்தாள். இந்த ஒரு ஆளுக்காகவே இவ்வளவும் அடுக்கினது போல அவனைப் பார்த்து மெல்லச் சிரித்தாள்.

அவன் கிண்ணத்தை எடுத்தான். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தான். பிறகு உயர்த்தினான்.

மூத்தவள் அவன் கிண்ணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். விரலிடுக்கில் வழிந்து அவன் மடிப்புக் கலையாத சட்டையில் விழுந்தது.

"குடிக்காதே" என்றாள். அதற்குள் எழுந்து நின்றிருந்தாள். "பாஸ்டர், இது ஒயின். சாறு இல்ல."

நேற்று சலவைக்கடை மேஜையருகே நின்று நினைத்துப் பார்த்தது நடந்தது. எல்லா முகமும் ஒரே பக்கம் திரும்பின. சின்னவளின் சிரிப்பு முகத்தை விட்டுப் போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே தொங்கியது. பார்க்க நன்றாக இல்லை.

போதகர் ஒரு கிண்ணத்தை முகர்ந்தார். அதை மெதுவாகத் தட்டில் திரும்ப வைத்தார். "கிண்ணங்களை இப்படியே வச்சிடலாம்" என்றார், சாதாரணக் குரலில். "அப்பத்தைக் கொடுக்கறேன், எல்லாரும் வாங்க. இன்னிக்கு அது போதும்."

*

ஆராதனை முடிந்து தேநீர் வேளையில் சின்னவள் அழுதாள். அழுதவளைச் சுற்றிச் சபையே நின்றது.

"ரெண்டாவது ரவுண்டு வரும்னு காத்திருந்தேன், கெடுத்துட்டாங்க" என்றார் தபால்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சின்னவள் சிரித்துவிட்டாள். டீச்சரம்மா தான் முதன்முதலாக வேதபாடம் வாசித்தபோது வேறு அதிகாரத்தை வாசித்து முடித்து ஆமென் சொன்னதைச் சொன்னார். பாடகர் குழுவில் ஒருத்தி, தான் போதகர் குடிக்கிற தண்ணீரில் பூ சொருகி வைத்ததைச் சொன்னாள். ஆளாளுக்கு ஒரு பழைய தப்பை எடுத்துக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார்கள். ஒரு வருடம் ஒழுங்காக ஊற்றியிருந்தாலும் இவ்வளவு பேர் தோளைத் தொட்டிருக்க மாட்டார்கள்.

மூத்தவள் கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நல்லவேளை, வாசனையிலேயே கண்டுபிடிச்சீங்கம்மா" என்று போதகர் அருகில் வந்தார். பிறகு ஏதோ நினைவு வந்தவர் போல, "நேத்து கறைத் துணி உங்ககிட்டதானே வந்துச்சு? அப்பத் தெரியலையா?" என்றார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. வெறுமனே கேட்டார்.

மூத்தவள் இன்னொரு கிண்ணத்தைக் குழாயடியில் பிடித்தாள்.

"நான் நல்லா தண்ணியில அலசிட்டுத்தான் பாஸ்டர் கொண்டுபோனேன்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சின்னவள். கண் வீங்கியிருந்தது. "அக்காவுக்கு எப்படித் தெரியும்?"

அலசவில்லை. அலசவில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். சின்னவள் அவளை ஒரு முறை பார்த்தாள், துண்டை எடுத்தாள், பக்கத்தில் நின்று கிண்ணம் துடைக்கத் தொடங்கினாள். ஓங்கி ஒரு அறை விட்டிருந்தால் மூத்தவள் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை. கையை உதறிவிட்டு வெளியே வந்தாள்.

*

ஸ்பேனர் தன் பைக் மேல் சாய்ந்து நின்றிருந்தான். நேற்று ஆலயத்தருகே ஒரு வீட்டில் பழுது பார்க்கப் போய் அங்கேயே விட்டுவிட்டு வந்த பைக். சட்டையில் கறை காய்ந்திருந்தது.

"கழட்டிக் கொடு, துவைச்சுத் தர்றேன்."

"இருக்கட்டும்." அவன் அவளைப் பார்க்கவில்லை. "கிண்ணம் மூக்குகிட்ட வந்ததுமே எனக்குத் தெரிஞ்சுபோச்சுக்கா."

"தெரிஞ்சுமா கீழே வைக்கல?"

"அதைத்தான் நின்னு யோசிச்சுக்கிட்டிருக்கேன்."

 தெருவில் ஒரு வண்டி போயிற்று.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றான்.

சின்னவள் சொன்ன பொய் தயாராக இருந்தது. எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆனால் அது அவள் கொடுத்தது. அவள் கொடுத்ததை உடுத்துவதைவிட நிர்வாணமாக நிற்கலாம் என்று தோன்றியது.

"நேத்தே தெரியும்."

"தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம்."

"ஏன் சொல்லல?"

"தட்டை அவகிட்ட கொடுத்துட்டாங்கடா."

ஸ்பேனர் சிரித்தான். அது சிரிப்பு மாதிரி இல்லை. "ஒரு தட்டுக்கா?"

"ஒரு தட்டுக்கு."

"நான் வர்றேன்னு தெரிஞ்சும் வாயைத் திறக்கலையே நீ. வாசல்ல நின்னு கேட்டேனே, எப்படின்னு."

 அவன் பைக்கை உதைத்துக் கிளப்பினான்.

"எங்கேடா போறே?"

"தெரியல."

ஆலயக் கதவு திறந்தது. தோளில் துண்டோடு சின்னவள் ஓடி வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். 

"அண்ணா, நானும் வர்றேன்."

"வேண்டாம் தங்கச்சி."

"நீங்க வேண்டாம்னா நடந்து பின்னாடியே வருவேன். இந்தச் செருப்புல நடக்க முடியாது. அப்புறம் உங்க இஷ்டம்."

 அவன் பின் இருக்கைத் தூசியைக் கையால் தட்டிவிட்டான். அவள் ஏறிக்கொண்டாள்.

அவள் ஏறியது நல்லதுக்குத்தான் என்று மூத்தவளுக்குத் தெரியும். அவன் தனியாகப் போனால் எந்த மதுக்கடையில் போய் நிற்பான் என்பதும் தெரியும். அவ்வளவு தெரிந்தும், அந்தப் பின் இருக்கை என்னுடையது என்றுதான் முதலில் மனசில் வந்தது. பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

மூத்தவளின் வீட்டுக்குத் தெருமுனையில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். பைக் முனையில் ஒரு கணம் நின்றது. சின்னவள் குனிந்து அவன் காதில் ஏதோ சொன்னாள். அவன் சரியென்று தலையை ஆட்டினான்.

பைக் இடப்பக்கம் திரும்பியது.